பழுப்பு நாயும் இரண்டு மனுக்களும்

நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். ஒரு கணினி, ஒரு பிரிண்டர், இரண்டு நாற்காலிகள், ஒரு மின்விசிறி. விசிறியைப் போட்டால் காகிதம் பறக்கும். போடாவிட்டால் வந்த ஆள் பறந்துவிடுவார். பதினெட்டு வருஷமாக இதே கதைதான். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வருவார்கள். அதை அப்படியே எழுதிக் கொடுத்தால் உள்ளே இருப்பவர்கள் அதன்மேல் டீ டம்ளரை வைப்பார்கள். அதனால் முதல் வரியில் குழந்தைகள், இரண்டாவது வரியில் முதியோர், மூன்றாவதில் தொற்றுநோய். கண், காது, மூக்கு எல்லாம் வைத்துத்தான் அனுப்புவேன். நான் எழுதிய மனு கிணற்றில் போட்ட கல்லாக ஆனதில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. வேலை தெரிந்தவளுக்கு இருக்கத்தானே செய்யும்?

அன்று காலை என் நாத்தனார் மூச்சிரைக்க வந்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை. பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. ஊசி குத்துகிற கை மெதுவாக இருக்கும். வாய்க்கு அந்தப் பொறுமை கிடையாது.

"அண்ணி, தொட்டித் திடலை நாலு மாடி கார் நிறுத்தமா ஆக்கப் போறாங்களாம். சுவத்துல நோட்டீஸ் ஒட்டியிருக்கான். பதினஞ்சு நாள்ல ஆட்சேபணை சொல்லணுமாம்!"

தொட்டித் திடல் என்றால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் அரை ஏக்கர். மூன்று தூங்குமூஞ்சி மரங்கள், கொஞ்சம் புல், எட்டு தெரு நாய்கள். நாத்தனார் தினமும் காலையில் அங்கே நடந்துவிட்டு, நாய்களுக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். அவற்றில் ஒன்றுக்கு மேனேஜர் என்று பெயர். மற்ற நாய்கள் சாப்பிடும்போது அது சும்மா நின்று மேற்பார்வை பார்க்குமாம். இதையெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"அந்த எட்டும் எங்க போகும்? நாலு பக்கமும் ரோடு. ஒரு வாரத்துல லாரில அடிபட்டுச் செத்துரும்" என்றாள். கண் கலங்கிவிட்டது. "உங்க கை ராசியான கை. எழுதுங்க."

எழுதினேன். "நூற்றுக்கணக்கானோரின் நுரையீரலாக விளங்கும் பசுஞ்சோலை" என்று ஆரம்பித்தேன். எனக்கே புல்லரித்தது.

அதற்கப்புறம் பத்து நாள் அவள் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று எனக்குத் தெரியாது. திடலில் நடக்க வருகிற கால்நடை மருத்துவரைப் பிடித்தாள், லிஃப்ட் மெக்கானிக்கைப் பிடித்தாள், கதவு கதவாகத் தட்டினாள். நடக்க வருகிறவர்கள் சிலர், "மரம் வேணும், நாய் வேண்டாம்" என்றார்கள். "மரத்துக்கு மட்டும் தனி மனுப் போட எனக்கு நேரமில்ல. ரெண்டுக்கும் சேர்த்துப் போடுங்க, இல்லாட்டிப் பேனாவைக் குடுங்க" என்று அவர்களிடமே கையெழுத்து வாங்கிவிட்டாள். மேனேஜர் படம் போட்ட சுவரொட்டி தெருவெல்லாம் ஒட்டியாயிற்று. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, அலுவலக எழுத்தர் நகல் எடுக்க வந்தார். ஆள் ஒல்லி, சட்டைப்பை நிறைய ஊசி. எல்லாரும் அவரைக் குண்டூசி என்றுதான் கூப்பிடுவோம். அவர் கொண்டுவந்தது தொட்டித் திடல் கோப்பு.

"பொதுமக்கள் கோரிக்கையின் அடிப்படையில்" என்று இருந்தது முதல் பக்கத்தில். எந்தப் பொதுமக்கள் என்று புரட்டினேன். பின்னால் இரண்டு வருஷத்துக்கு முந்தைய மனு ஒன்று சேர்த்துக் குத்தியிருந்தது.

"மனித நடமாட்டமே அற்ற புதர்க்காடாகவும், வெறிநாய்களின் கூடாரமாகவும், குறிப்பாக வாயில் நுரை தள்ளியபடி திரியும் பழுப்பு நிற நாயொன்றின் வேட்டைக்களமாகவும்…"

என் எழுத்தை எனக்குத் தெரியாதா? கடைசி வரி: "மேற்படி இடத்தைச் சுத்தம் செய்து பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருமாறு." இடம் சம்பந்தமான எந்த மனுவுக்கும் நான் போடுகிற முத்தாய்ப்பு அது. கீழே என் நாத்தனாரின் கையெழுத்து.

அப்போது அவளுக்கு நாய் என்றாலே ஆகாது. திடலில் ஒரு நாய் துரத்திவிட்டது என்று வந்தாள். "நாய்க்கெல்லாம் தடுப்பூசி போடச் சொல்லி ஒரு வரி எழுதுங்க அண்ணி, வேலைக்கு நேரமாச்சு" என்றாள். ஒரு வரியை யார் மதிப்பார்கள்? ஒரு பக்கம் எழுதினேன். அவள் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினாள். வண்டி வந்தது. ஒன்பது நாய்களைப் பிடித்துப் போய்க் கருத்தடை செய்து, ஊசி போட்டு, பத்தாம் நாள் எட்டைத் திரும்ப விட்டார்கள். காது நுனி வெட்டுப்பட்டு, வயிற்றில் தையலோடு திரிந்ததைப் பார்த்து மனசு கேட்காமல்தான் அவள் சோறு வைக்க ஆரம்பித்தாள். ஒன்பதாவது பழுப்பு நாய். வெறி இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு அதைத் தனிக் கூண்டில் போட்டார்களாம். சாப்பிடாமலே கிடந்து செத்துப்போனதாம். ஏன் அந்த ஒன்றை மட்டும் சந்தேகப்பட்டார்கள் என்று அவள் ரொம்ப நாள் புலம்பினாள். நானும் உச்சுக் கொட்டினேன். என் மனுவில் அப்படி ஒரு நாய் இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. துரத்தியது என்ன நிறம் என்று கேட்டிருப்பேன், பழுப்பு என்றிருப்பாள். நுரை என்னுடையது.

குண்டூசி என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"அக்கா, நீங்க வாயத் தொறக்காதீங்க. கையெழுத்து அவங்களுது. எழுதினது யாருன்னு எங்கயும் இல்ல. தொழில் நடக்கணும்ல?"

அன்று சாயங்காலமே நாத்தனாரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நல்ல எண்ணம் ஒன்றும் இல்லை, பயம்தான். கூட்டத்தில் அந்தத் தாளை எடுக்கமாட்டார்கள் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு மூன்று நாளை ஓட்டினேன்.

எடுத்தார்கள்.

அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பேசும் பெண்மணி. கூட்டம் நிரம்பி வழிந்தது. நாத்தனார் நன்றாகத்தான் பேசினாள். கைதட்டலும் வந்தது. அது அடங்கியதும் அதிகாரி பழைய மனுவை நிதானமாக முழுசும் படித்தார். படித்துவிட்டு, "இது உங்க கையெழுத்தாம்மா?" என்று கேட்டார்.

"என்னுதுதான்."

"அப்ப, யாரும் போகாத இடம்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. பொதுப் பயனுக்குக் கொண்டுவரச் சொன்னதும் நீங்கதான். நாங்க கொண்டுவர்றோம். இப்ப வேண்டாம்னா எப்படி?"

பின்வரிசையில் யாரோ, "ரெட்டை நாக்கு" என்றார்கள். நாத்தனார் அதைக் காதில் வாங்கவில்லை. "பழுப்பு நாய்க்கு நுரை தள்ளுச்சுன்னு நான் சொல்லவே இல்லையே" என்றாள், அதிகாரியிடம் இல்லை, யாரிடமும் இல்லை. பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் செத்தேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டது கெட்டாயிற்று, இனி மூடி வைத்து என்ன? எழுந்து நின்றேன்.

"மேடம், அந்த மனுவை எழுதினது நான். எதிர்க்கடை. தடுப்பூசி போடச் சொல்லி ஒரு வரிதான் இவ கேட்டா. மிச்சமெல்லாம் நான் சேர்த்தது. நடமாட்டம் இல்லைங்கறதும் பொய், நுரை தள்ளுச்சுங்கறதும் பொய்."

அதிகாரி கண்ணாடியை இறக்கினார். "இந்தப் புது மனு? நுரையீரல், பசுஞ்சோலை?"

"அதுவும் நான்தான்."

"ரெண்டும் ஒரே கை. எதைம்மா நான் நம்புறது?"

மண்டபமே சிரித்தது. குண்டூசி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ரெண்டையும் நம்பாதீங்க மேடம். நான் அந்த இடத்துல கால் வெச்சதே இல்ல. இங்கிருந்து நாலு தெருதான். நீங்களே வந்து பாருங்க."

"கால் வைக்காமலே ரெண்டு மனுவா!" என்றார். கோப்பை மூடினார். "நாளைக்குக் காலையில ஆறரைக்கு வரேன். ஆள் கூட்டி வெச்சு நாடகம் போட்டா அப்பவே கார் நிறுத்தத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவேன். நீங்களும் அங்க இருக்கணும்."

மறுநாள் காலை முதல் முறையாகத் திடலுக்குள் போனேன். நாத்தனார் எனக்கு முன்னால் நடந்தாள். கூட்டம் முடிந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அதிகாரி குண்டூசியோடு வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் வருகிறவர் போகிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குண்டூசியிடமிருந்து ஒரு வெள்ளைத் தாளை வாங்கி என்னிடம் நீட்டினார்.

"எழுதுங்க. பார்த்ததை மட்டும்."

பேனாவைப் பிடித்தால் கை ஓடவில்லை. குழந்தைகள் என்று ஆரம்பிக்கப் போனேன். அங்கே ஒரு குழந்தையும் இல்லை, பள்ளிக்கூட நாள். கடைசியில் இப்படி எழுதினேன்:

"இன்று காலை ஒரு மணி நேரத்தில் ஐம்பத்து மூன்று பேர் வந்தார்கள். பஸ் ஓட்டுநர்கள் நாலு பேர் மரத்தடியில் சாப்பிட்டார்கள். சக்கர நாற்காலியில் ஒருவர் இரண்டு சுற்று வந்தார். மரங்கள் மூன்று. பெஞ்சுகள் இரண்டு, ஒன்றுக்குக் கால் உடைந்திருக்கிறது. நாய்கள் எட்டு. எட்டுக்கும் காது நுனி வெட்டி அடையாளம் செய்திருக்கிறது. பேப்பர்காரரின் சைக்கிளைத் தவிர எதையும் பார்த்துக் குரைக்கவில்லை."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அதிகாரி கேட்டது அவ்வளவுதான். ஆனால் நாத்தனார் கொஞ்ச தூரத்தில் எட்டுத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது தட்டு ஒன்று, பழுப்பு நாயும் திரும்பும் என்று வாங்கியிருப்பாள்போல, சோறே படாமல் மரத்தடியில் கவிழ்ந்து கிடந்தது. இன்னும் ஒரு வரி சேர்த்தேன்.

"முன்பு ஒன்பது இருந்தன. பழுப்பு நாய்க்கு வாயில் நுரை தள்ளவில்லை. அது நான் எழுதிய பொய், அதனால் அது செத்தது."

அதிகாரி படித்துவிட்டுத் தாளை நாத்தனாரிடம் கொடுத்தார். இந்த முறை அவள் முழுசும் படித்தாள், இரண்டு தடவை. கையெழுத்துப் போட்டுவிட்டு, வேலைக்கு நேரமாச்சு என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆறு வாரம் கழித்து உத்தரவு வந்தது. கார் நிறுத்தம் கைவிடப்பட்டது. தொட்டித் திடல் திறந்தவெளியாகவே தொடரும். அதோடு நான் திடலில் கையால் எழுதிய தாளையும் சேர்த்துக் குத்தியிருப்பதாகக் குண்டூசி வந்து சொன்னார். "அக்கா, உங்க மனுவிலேயே மோசமான நடை இதுதான்" என்று சிரித்தார். என் கடைக்குக் கூட்டமும் கொஞ்சம் குறைந்துதான் போயிற்று. போகட்டும்.

நாத்தனார் மட்டும் வரவில்லை. வீட்டு விசேஷத்தில் பார்த்தாலும், "சாப்டாச்சா"வோடு சரி. உத்தரவு வந்த மறுவாரம் ஒருநாள் கடைக்குள் வந்து, நாற்காலியை இழுத்து என் பக்கத்திலேயே, திரையைப் பார்க்கிற மாதிரி போட்டுக்கொண்டாள்.

"நாய்ங்களுக்கு இந்த வருஷ ஊசி போடணும். நான் சொல்றத மட்டும் எழுதுங்க."

சொன்னாள், எழுதினேன். தொட்டித் திடலில் எட்டு நாய்கள் இருக்கின்றன, ஆண்டுத் தடுப்பூசி போட வேண்டும். முடிந்துவிட்டது. என் விரல்கள் சும்மா இருக்குமா? பழக்கதோஷம், "பொதுமக்கள் நலன் கருதி" என்று தானாகவே அடித்துவிட்டன.

"அது யார் சொன்னது?" என்றாள்.

அழித்தேன். கடைசி எழுத்து போகிறவரை அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.