கடிகாரக்காரர் பேசிய மீதி

கடிகாரம் பழுதுபார்ப்பவரின் மகள் கேட்டு வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"அப்பா போய் மூணு மாசம் ஆச்சு மேடம். அவர் குரல் எங்ககிட்ட எதுலயும் இல்ல. நீங்க பதிவு பண்ணினது இருக்குமே?"

மொழியியல் பேராசிரியை கணினியைத் திறந்தார்.

இரண்டு வருடம், வாரம் தவறாமல் அவர் கடையில் போய் உட்கார்ந்து அவர் தாய்மொழியைப் பதிவுசெய்தவர் இவர். வேற்றுமை உருபுதான் இவருக்கு உலகம். சில மொழிகளில் அது பதினைந்துக்கு மேல் இருக்கும். சிலவற்றில் ஒன்றுகூட இருக்காது, சொல் நிற்கும் இடமே வேலையைப் பார்த்துக்கொள்ளும். கடிகாரக்காரர் மொழியிலோ, ஒரு காரியத்தைச் செய்துமுடித்தவர் பெயருக்கு மட்டும் ஒரு வால் ஒட்டும். அந்த வால் ஒரு காலத்தில் 'கை' என்ற முழுச்சொல்லாக இருந்து தேய்ந்தது என்று பேராசிரியை நிறுவினார். புத்தகம் வந்தது, பாராட்டு குவிந்தது.

கடிகாரக்காரரோ வாய் திறந்தால் அடைமழை. பேராசிரியை அறைக்குத் திரும்பியதும் பதிவை வெட்டுவார். தான் கேட்டு வாங்கிய, உருபு வந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு, மீதியை இடத்தை அடைக்கிறதென்று அழித்துவிடுவார். இவ்வளவு படித்தவருக்கு அந்தக் கஞ்சத்தனம் எங்கிருந்துதான் வந்ததோ!

இருந்ததைப் போட்டுக் காட்டினார். எல்லாம் அவர்கள் மொழியில்: நாய் மனிதனைக் கடித்தது. மனிதன் நாயைக் கடித்தான். பெண் பானையை உடைத்தாள்.

"எங்கப்பாவா இப்படியெல்லாம் பேசினாரு?" மகள் முதலில் சிரித்துவிட்டாள். நாற்பதாவது வாக்கியத்தில் சிரிப்பு நின்றது. "குரல் அவரோடதுதான். ஆனா யாரோ சொல்லிக்குடுத்து ஒப்பிக்கிற மாதிரி இருக்கு. நடுவுல எங்களப் பத்தி ஒண்ணும் பேசலையா?"

இல்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். பேராசிரியைக்கு மனசு வரவில்லை.

"பேசினாரும்மா. உன்னப் பத்தித்தான் நெறைய. நான்தான் அழிச்சுட்டேன்."

மகள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சரி, போகட்டும். என்ன சொன்னார்னு நீங்களே சொல்லுங்க மேடம். எனக்கு அது போதும்."

பேராசிரியை கண்ணை மூடினார். கண்ணிலிருந்து கடிகாரம் பார்க்கும் லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு அவர் சிரித்தது தெரிந்தது. கையை ஆட்டி ஆட்டிச் சொன்னது தெரிந்தது. சொன்னது மட்டும் ஒரு வார்த்தைகூட வரவில்லை.

"தெரியலம்மா," என்றார். "அவர் உன் பேச்சை எடுத்தாலே, இது எப்ப முடியும்னுதான் நான் காத்துட்டு இருப்பேன்."