எண்ணிக்கையில் இல்லாதவள்

எனக்கு நடப்பது பிடிக்காது. வாரத்தில் ஆறு நாள் மருந்துக்கடையில் நின்றுகொண்டே பிழைக்கிறவளுக்கு, ஏழாவது நாளும் காலுக்கு வேலை கொடுக்க என்ன தலையெழுத்து? அதுவும் மூக்கு நுனி மரத்துப்போகிற குளிரில், முன்பின் தெரியாத கும்பலோடு பூங்காவைச் சுற்றி! "உனக்கு ஏதாவது கழண்டுடுச்சா?" என்று வீட்டுக்காரர் போர்வைக்குள்ளிருந்தே கேட்டார். நான் அவருடைய கம்பளிக் குல்லாயையும் மப்ளரையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

காரணம் என் தங்கை. எங்கள் கடையின் கண்ணாடிக் கதவில் யார் யாரோ வந்து தாள் ஒட்டிவிட்டுப் போவார்கள். பூனையைக் காணவில்லை, அறை வாடகைக்கு, கணக்குப் பாடம் சொல்லித் தரப்படும் என்று என்னென்னவோ இருக்கும். போன வாரம் புதிதாக ஒன்று இருந்தது. 'ஞாயிறு காலை எட்டு மணி, பூங்கா வடக்கு வாசல். குளிர்கால நடை. யாரும் வரலாம். பேர் கொடுக்க வேண்டாம்.' கீழே இருந்த போன் நம்பர் எனக்கு மனப்பாடம். மூன்று வருடமாக நான் அடித்து அடித்து ஓய்ந்துபோன நம்பர்.

மூன்று வருடத்துக்கு முன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒரு திங்கட்கிழமை காலை டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "ரெண்டு மூணு நாள்தான். சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க" என்றார். சொல்ல வேண்டியவள் ஒருத்திதான். ரயிலில் ஐந்து மணி நேரத் தொலைவில் இருந்தாள். அன்று மாலை அவளுக்குப் போன் போட்டு, "சாதாரணக் காய்ச்சல்தான், நீ ஞாயிற்றுக்கிழமை வந்தா போதும்" என்றேன். அம்மா வியாழக்கிழமை காலையில் போய்விட்டாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று தங்கை கேட்டாள். "யாருக்குத் தெரியும்? திடீர்னு ஆயிடுச்சு" என்று ஒரே பிடியாகச் சாதித்தேன். அவள் நம்பவில்லை. "இனிமே என் முகத்துல முழிக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். வேலை கிடைத்து இதே ஊருக்கு அவள் வந்து ஒரு வருடமாகிறது என்பதே சித்தி மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கதவில் தாள் ஒட்டினாளே, அது நான் வேலை செய்கிற கடை என்பது அவளுக்குத் தெரியாது.

அவள் என்னோடு பேச வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். திட்டினாலும் சரி, காறித் துப்பினாலும் சரி. ஆரம்பத்திலேயே என்னைப் பார்த்துவிட்டால் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். அதனால் முகத்தை மூடிக்கொண்டு கடைசிவரை நடந்து, எல்லாரும் கலைந்தபின் தனியாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் இப்படித் திருட்டுத்தனம் செய்வேன் என்று யாராவது சொல்லியிருந்தால் செருப்பால் அடித்திருப்பேன்.

வடக்கு வாசலில் அவள் நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். நான் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

தங்கை பாலர் பள்ளி டீச்சர். இருபது குழந்தைகளை வெளியே கூட்டிப்போய்க் கூட்டிவந்து பழகியவள். அங்கேயும் அதே கதைதான். எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொருவர் தோளிலும் தட்டித் தட்டி எண்ணினாள். பட்டியல் கிடையாது, பேர் கிடையாது. வளர்ந்த ஆட்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

"பன்னிரண்டு. என்னைச் சேர்க்காம. யாரும் யாரையும் விட்டுட்டுப் போகக் கூடாது, சரியா?" என்றாள்.

"சரி டீச்சர்!" என்று ஒரு தபால்காரர் ராகம் போட்டுச் சொல்ல, எல்லாரும் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். பத்தடி விட்டு நானும் போய் வாலில் ஒட்டிக்கொண்டேன்.

புல்லெல்லாம் வெளுத்து மொறுமொறுத்துக் கிடந்தது. குளத்தின் ஓரம் கண்ணாடித் தகடு மாதிரி உறைந்திருந்தது. எனக்குப் பக்கத்தில் சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒரு பெரியவர் மெதுவாக நடந்து வந்தார்.

"புதுசா? நான் பல் டாக்டர். பயப்படாதீங்க, ரிட்டயர் ஆயிட்டேன்" என்றார்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன். பேசினால் முன்னால் போகிற தங்கைக்குக் குரல் கேட்டுவிடுமே என்று பயம். அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. மனைவி போன கதை, மகன் கார் வாங்கிய கதை, முட்டி வலி எல்லாம் சொல்லி முடித்தார். மேட்டுப் பாதை தொடங்கும் இடத்தில் ஓடையின் மேல் ஒரு சின்ன மரப்பாலம். அதன் முன்னால் நின்று, "நீங்க போங்கம்மா, இந்த ஷூ லேஸைக் கட்டிட்டு வந்துடறேன்" என்றார்.

நின்றிருக்க வேண்டும். ஆனால் தங்கை வளைவில் திரும்பிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணிலிருந்து மறைந்துவிடப் போகிறாளே என்ற அவசரத்தில் நான் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

மேட்டு உச்சியில் கூரை போட்ட ஓர் இடம். எல்லாரும் பிளாஸ்க்கைத் திறந்தார்கள். பதினைந்து நிமிடம் கழித்து, "வரிசை, வரிசை!" என்று தங்கை கையைத் தட்டினாள். தபால்காரர் ஏதோ நாய்க்கடிக் கதை சொல்லிக்கொண்டு கூடவே வர, அவர் பக்கம் திரும்பிச் சிரித்தபடியே தோள்களைத் தட்டிக்கொண்டு வந்தாள். என் தோளிலும் கை விழுந்தது. மூன்று வருடத்துக்குப் பிறகு! அங்கேயே அழுதிருப்பேன்.

"பன்னிரண்டு. எல்லாரும் இருக்கோம். அந்தப் பக்கமா இறங்கித் தெற்கு வாசல் வழியா வெளியே போயிடலாம்" என்றாள்.

எல்லாரும் பையை மாட்டினார்கள். எனக்குச் சுருக்கென்றது. வாசலில் பன்னிரண்டு. அதில் நான் இல்லை. இங்கே என்னைச் சேர்த்துப் பன்னிரண்டு. திரும்பிப் பார்த்தேன், சாம்பல் நிறக் கோட்டு எங்கேயும் இல்லை. தங்கையைக் குறை சொல்ல முடியாது. பள்ளிக் குழந்தைகளின் எண்ணிக்கை வழியில் குறையுமே தவிர அதிகமாகாதே. தலையை எண்ணுவாள், முகத்தைப் பார்க்க மாட்டாள்.

உடனே வாயைத் திறந்தேன் என்று சொன்னால் அது பொய். 'வீட்டுக்குத் திரும்பியிருப்பார்' என்று நினைத்தேன். 'மகன் கார் இருக்கிறது, வந்து கூட்டிப் போயிருப்பான். கீழே போய்ச் சொல்லிக்கொள்ளலாம். அரை மணி நேரத்தில் என்ன ஆகிவிடும்?' என்று என் மனசு எனக்கு வக்காலத்து வாங்கியது. அப்புறம்தான் உறைத்தது. அம்மா விஷயத்திலும் இதையேதான் சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் என்ன ஆகிவிடும்?

"ஒரு ஆள் குறையுது" என்றேன்.

தங்கை அப்படியே நின்றாள். அவளுக்கு முகம் வேண்டியதில்லை, குரலே போதும். நான் மப்ளரை இறக்கினேன்.

"நீ எண்ணுன பன்னிரண்டுல நான் ஒண்ணு. வாசல்ல எண்ணும்போது நான் இல்லை. பல் டாக்டரைக் காணோம்."

அவள் முகம் எப்படி எப்படியோ மாறியது. ஆனால் டீச்சர் டீச்சர்தான். "தபால்காரரே, எல்லாரையும் இங்கேயே வெச்சுக்கங்க. ஒருத்தரும் அசையக் கூடாது" என்றாள். பிறகு என்னிடம், "எங்கே விட்டே?" என்றாள். மூன்று வருடத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"பாலத்துக்கிட்ட."

ஓடினாள். நானும் மூச்சிரைக்கப் பின்னால் ஓடினேன்.

பெரியவர் பாலத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தார். பலகையில் உறைந்திருந்த ஐஸ் வழுக்கிவிட்டிருந்தது. கணுக்கால் வீங்கியிருந்தது, போன் ஓடைக்குள் போயிருந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது.

"தொண்டை கிழியக் கத்தினேன்மா, ஒரு குருவி கூடத் திரும்பிப் பார்க்கலை. ஊரார் பல்லையெல்லாம் பார்த்தவன் நான், இப்ப என் பல்லு ஆடற ஆட்டத்தைப் பாருங்க" என்றார். அந்த நிலையிலும் ஆளுக்குக் குசும்பு குறையவில்லை.

தங்கை தன் கோட்டைக் கழற்றி அவருக்குப் போர்த்தினாள். அவர் சொன்ன நம்பரில் மகனுக்குப் போன் போட்டு வடக்கு வாசலுக்கு வரச் சொன்னாள். தபால்காரருக்கும் போன் போட்டு, "ஆள் கிடைச்சாச்சு, நீங்க எல்லாரையும் கூட்டிட்டு இறங்குங்க" என்றாள். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் அவர் கையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தோம். அவர் ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வந்தார்.

"எதுக்கு வந்தே?" என்றாள் அவரைத் தாண்டி.

"உன்னைப் பார்க்க."

"திருடி மாதிரி மூஞ்சியை மூடிக்கிட்டா?"

"திறந்து வெச்சுக்கிட்டு வந்தா நின்னிருப்பியா?"

"நின்னிருக்க மாட்டேன்."

"ஏம்மா, எனக்குக் கால்தான் போச்சு. காது நல்லாக் கேக்குது" என்றார் நடுவில் இருந்தவர். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம். ஆனால் இப்போது விட்டால் அப்புறம் எப்போது? யார் கேட்டால் என்ன?

"டாக்டர் திங்கட்கிழமையே சொல்லிட்டார்டி. ரெண்டு மூணு நாள்தான்னு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உன்னை ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். அப்புறம் கேட்டப்போ பொய் சொன்னேன்."

அவள் நடந்துகொண்டே இருந்தாள்.

"ஏன்?"

"உன்கிட்ட வாய்விட்டுச் சொன்னா, அம்மா போகப் போறான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். பயந்துட்டேன். வேற ஒரு காரணமும் இல்லை."

வடக்கு வாசலில் மகன் காரோடு தயாராக இருந்தான். பெரியவர் உள்ளே உட்கார்ந்ததும் எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்து அழுத்தினார். கார் போய்விட்டது. மற்றவர்கள் தெற்கு வாசலில் இறங்கியிருப்பார்கள். நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"அம்மா என்னைக் கேட்டாளா?" என்றாள்.

இல்லை, கடைசி இரண்டு நாளும் நினைவே இல்லாமல் கிடந்தாள் என்று சொல்லிவிடலாம். அவளும் நிம்மதியாகத் தூங்குவாள், ஒருவேளை என்னையும் மன்னித்துவிடுவாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"கேட்டா. புதன்கிழமை சாயங்காலம். கதவையே பார்த்துக்கிட்டு, சின்னவ வந்தாச்சான்னு கேட்டா. ரயில்ல வந்துட்டிருக்கான்னு சொன்னேன். அப்போ கொஞ்சம் தலையைத் தூக்கி வைன்னா. உன்னைப் படுத்துக்கிட்டே பார்க்கக் கூடாதாம்."

அவள் நடைபாதை விளிம்பில் அப்படியே உட்கார்ந்து கதறினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். தொட்டால் தட்டிவிடுவாளோ என்று தொடவில்லை. வெகுநேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"திங்கட்கிழமையில இருந்து சொல்லு. ஒண்ணு விடாம."