பாஞ்சோக்காரன்

மூன்றாவது நாளும் அந்த ஆள் அதே மேசையில் வந்து உட்கார்ந்ததும் நாராயணசாமி தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்திவிட்டார். கம்போங் குவாந்தானுக்கு ஆற்றுப் படகில் மின்மினி பார்க்கப் போகிறவர்கள் வழியில் அவர் கடையில் நின்று போவது வழக்கம். இவன் படகு ஏறப் போகிறவனாகத் தெரியவில்லை. ஐம்பது வயதிருக்கும். நான்கு மணிக்கு வருவான். பாலில்லாத தே ஓ ஒன்று வாங்கி ஆறவிட்டுவிட்டு, நாராயணசாமியையே பார்த்துக்கொண்டிருப்பான். பக்கத்து நாற்காலியில் வட்டத் தலையும் நீளக் கழுத்துமாக ஒரு கறுப்புப் பை.

"எங்க தாத்தா சொன்ன அதே ஆளுதாண்ணே. வயசு மட்டும் ஏறல," என்றான் செம்பனைக் குலை லோரி ஓட்டும் சசிகுமார். "போலிஸ்ல சொல்லிருங்க லா."

அந்தக் கதை தெரியாதவர்கள் தோட்டத்தில் இல்லை. ஐம்பத்து மூன்று வருஷத்துக்கு முன், செம்பனை நிற்கும் இடத்தில் ரப்பர் நின்ற காலத்தில், மாரியம்மன் திருவிழாவுக்கு எங்கிருந்தோ ஒருவன் இதே மாதிரிப் பையோடு வந்தான். பெயர் சொல்லவில்லை. மூன்று நாள் எதையோ மீட்டினான். நான்காம் நாள் அவனைக் காணோம். அன்று ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டப் போன வேலம்மாவும் லயத்துக்குத் திரும்பவில்லை. பால் வாளி நிறைந்தபடியே மரத்தடியில் இருந்ததாம். அவன் கால் தரையில் பாவவில்லை என்றார்கள் சிலர். ஆற்று முனி என்றார்கள் சிலர். வேலம்மாவின் மகன் நாராயணசாமிக்கு அப்போது நாலு வயது. முனி தூக்கிப்போனவளின் பிள்ளை என்று ஊர் அவரிடம் பரிவாகவே இருந்தது. அவள் வேறு மாதிரி போயிருக்கலாம் என்று யாராவது வாயெடுத்தால் அப்பா அரிவாளைத் தேடுவார். அப்பாவுக்குப் பிறகு நாராயணசாமிதான் ஆடி அமாவாசை தவறாமல் அவளுக்கு ஆற்றில் எள்ளும் தண்ணீரும் இறைத்து வந்தார்.

நாராயணசாமி இப்போது அந்த ஆளின் எதிரில் போய் நின்றார். "பையத் தொற."

அமராவதி அடுப்பை அணைத்துவிட்டு வந்து கணவருக்குப் பின்னால் நின்றாள்.

உள்ளே தப்பு மேளத்துக்குக் கழுத்து முளைத்ததுபோல ஒரு வாத்தியம். "பாஞ்சோண்ணே. எங்கப்பாவோடது. வெள்ளக்காரத் தொர ஒருத்தரு ஊருக்குப் போறப்ப குடுத்தது." பிறகு அவன் நிறுத்தாமல் பேசினான். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் முதலில் இதைச் சுரைக்குடுவையில் செய்தார்களாம். அப்பா காலத்தில் முகத்துக்கு ஆட்டுத்தோல். ஈரக்காற்றில் தொய்ந்துவிடும் என்று இப்போது பிளாஸ்டிக். "இந்தக் கம்பியப் பாருங்க. மத்த நாலும் தலையிலேர்ந்து வருது. இது மட்டும் கழுத்து நடுவுல ஆரம்பிக்குது. சுருதி இதுக்குத்தான் உச்சம்."

சொல்ல வந்ததைச் சொல்லாமல் இருக்கத்தான் இவ்வளவு பேசுகிறான் என்று நாராயணசாமிக்குத் தோன்றியது.

"நீ யாருப்பா? ஒனக்கு என்னா வேணும்?"

"குணசீலன். தெலுக் இந்தான்லேர்ந்து வரேன்." பையை மூடினான். "அம்மா பேரு வேலம்மா."

"எந்த வேலம்மா?"

"பால் வாளிய அப்படியே வச்சிட்டு வந்தவங்க."

"இது ஊரே சொல்ற கதை. யார ஏமாத்தப் பாக்குற?"

"எனக்கு ஒண்ணும் வேணாம்ணே."

"அண்ணேன்னு கூப்புடாத."

குணசீலன் தலை குனிந்துகொண்டான். "ரெண்டு நாளா வாய் வரல. நீங்க நல்லாருக்கீங்களான்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க. அவ்ளோதான்."

"சொன்னாங்களா?" அமராவதிதான் கேட்டாள். "அப்ப... இருக்காங்களா?"

"எழுபத்தாறு ஆவுது. நடக்கத்தான் முடியல."

எத்தனை அமாவாசை, எவ்வளவு எள் என்று நாராயணசாமியின் மனதில் ஓடியது. முனி தூக்கிப்போனவளை மன்னிக்க வேண்டிய அவசியமே அவருக்கு வந்ததில்லை. இவன் பொய்க்காரனாக இருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார்.

"ஆதாரம் காட்டு."

குணசீலன் கைபேசியில் வீடியோ அழைப்பைத் தட்டி, தே ஓ குவளைமேல் சாய்த்து வைத்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. அமராவதி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

மறுமுனையில் எடுத்தார்கள். முகம் வரவில்லை. வீடியோ என்று தெரியாமல் யாரோ கைபேசியைக் காதுக்கு வைத்துப் பிடித்திருந்தார்கள். திரை முழுக்க ஒரு காது. தொங்கிப்போன மடல், அதன்மேல் நாலைந்து நரைமுடி.

"அலோ," என்றது குரல். "யாரு பேசுறது?"

நாராயணசாமி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்தக் காதருகே குனிந்தார்.