பக்கீர் கொண்டுவந்த தடி

பூரணி வெந்நீர் வாளியை வாசல் இஸ்தோப்புத் திண்ணைக்குத் தூக்கி வந்தபோது, பெஞ்சில் கிடத்தியிருந்த அண்ணனைச் சுற்றி நின்ற சனம் பிணத்தைப் பார்க்காமல் மேலே ரோட்டுப் படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. தொப்பி போட்ட ஒரு மனுஷன் தனியாக இறங்கி வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு வெள்ளைத் தடி, அக்குளில் இன்னொரு வெள்ளைத் தடி. கைத்தடி இடமும் வலமுமாகத் தட்டிப் பார்த்துச் சொல்ல, கால்கள் அதன் பின்னால் நிதானமாக வந்தன. மழையில் பாசி பிடித்துக் கிடக்கும் படி அது. கண் உள்ளவர்களே அடிக்கடி சறுக்கி விழுவார்கள்.

ஹட்டன் துணிக்கடைப் பக்கீர் என்று பூரணிக்கு அடையாளம் தெரிந்தது. தெரிந்தும் நம்ப முடியவில்லை. கடை மூலையில் உட்கார்ந்திருக்கப் பார்த்ததைத் தவிர, அவர் நடந்து அவள் பார்த்ததே இல்லை.

சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் சிவசாமியை அந்தக் கடையில் விட்டுவிட்டுத்தான் அவள் சாமான் வாங்கப் போவாள். இரண்டு பேருக்கும் பார்வை கிடையாது. கொழும்பு ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில் என்று அண்ணன் சொல்லியிருந்தான். பேச்சுத் துணைக்கு ஆச்சு என்று நினைத்து, டீயும் பணிஸும் வாங்கிக் கொடுத்து, எழுந்து எங்கேயும் போய்விடாதே என்று பச்சைப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போவாள்.

தோட்டத்து ரோட்டுக்குப் பாறை உடைத்தபோது வெடி சிதறி அவன் கண்கள் போயின. அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அன்றிலிருந்து பூரணியின் தோள்தான் அவனுக்குக் கைப்பிடி. கருக்கலில் அவனைக் கக்கூசுக்குக் கூட்டிப்போய், முகம் கழுவிவிட்டு, ரொட்டியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு, அப்புறம்தான் தேயிலைக் கொழுந்து பறிக்க ஓடுவாள். தோட்டத்து மருந்துக்கார ஐயாவின் ஏற்பாட்டில் ஒருதரம் கொழும்புக்குப் போய்ச் சில மாசம் இருந்து வந்தான். ஆப்பரேசன் பலிக்கவில்லை என்றான். அத்தனை நாளும் ஒருவேளைச் சோறு தின்று மாரியம்மனுக்கு விரதம் இருந்தவள், அவனைவிட அதிகமாக அழுதாள்.

பக்கீர் பெஞ்சைத் தடியால் தொட்டறிந்து, குனிந்து சிவசாமியின் நெற்றியில் கை வைத்தார். பிறகு அக்குளில் இருந்த தடியை நீட்டினார்.

"இது அவன்ட தடி, தங்கச்சி. கடையிலதான் வச்சிருந்தான். அவனோடயே போகட்டும்னு கொண்டாந்தேன்."

"அண்ணனுக்கு ஏது தடி?" என்றாள் பூரணி.

செத்தவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லுகிற சந்தோஷத்தில் பக்கீர் சொல்லிக்கொண்டே போனார். அது ஆஸ்பத்திரி இல்லை, பார்வையில்லாதவர்களைப் பழக்குகிற இடம். விரலால் தடவி எழுத்துப் படிக்கவும், நெஞ்சு உயரத்துக்குத் தடி அளந்து கொடுத்து நடக்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். வலது கால் போகும்போது தடி இடது பக்கம் தட்ட வேண்டும். மற்றவர்கள் சுவரை விட்டு விலகவே பயந்தபோது, சிவசாமிதான் கொழும்பு ரோட்டை முதலில் தனியாகக் கடந்தவன். அவனைப் பார்த்துப் பழகுங்கள் என்று வாத்தியாரே சொல்வாராம். ஹட்டனிலும் பூரணியின் காலடிச் சத்தம் தேய்ந்ததும் தடியை எடுத்துக்கொண்டு, தோட்டத்துச் சனம் புழங்காத பின்தெரு வழியாக ஸ்டேஷன் வரைக்கும் போய், பீடி வாங்கிக்கொண்டு, அவள் வருவதற்குள் திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவானாம். லயத்து வரிசை வீட்டுக்குள் நாலு எட்டுக்குத் தடி எதற்கு என்று சொல்லி அதைக் கடையிலேயே விட்டுவிடுவானாம்.

பூரணி வாளியைக் கீழே வைத்தாள்.

"எங்கிட்ட ஆப்பரேசன்னுதான் சொன்னுச்சு."

பக்கீரின் முகம் சுருங்கிவிட்டது. பேசாமலே போயிருக்கலாம், ஆனால் அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

"தங்கச்சிக்கு வந்த சம்பந்தம் ஏன் தட்டிப் போச்சுன்னு ஒருக்கா கேட்டேன். 'நான் நடந்தா அவ போயிருவாளே பக்கீரு'ன்னு சிரிச்சான். வெளையாட்டுப் பேச்சுன்னு நெனச்சிட்டேன்மா."

இறம்பொடைப் பக்கத்துத் தோட்டத்து வீரய்யா பெண் பார்க்க வந்தது கொழும்புப் பயணத்துக்குப் பிற்பாடுதான். தொழிற்சாலையில் வேலை. அதிகம் பேசமாட்டான். பூரணிக்கு அவனைப் பிடித்திருந்தது, ரொம்பவே பிடித்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலைத் தட்டை நீட்டிய நேரம் பார்த்து, "எந்தங்கச்சி நல்லாருக்கட்டும், நான் எப்படியோ கெடந்துக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு வெளியே போன சிவசாமி, வாசலில் கழிவுநீர் ஓடும் கானுக்குள் தலைகுப்புற விழுந்தான். நெற்றியில் ரத்தமும் உடம்பெல்லாம் சாக்கடையுமாகக் கிடந்தவனைத் தூக்கிக் கழுவியவள், ஈரக்கையோடு உள்ளே வந்து, தனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று தன் வாயாலேயே சொன்னாள். வீரய்யாவுக்கு இப்போது மூன்று பிள்ளைகள்.

கொழும்பு ரோட்டைத் தனியாகக் கடந்தவனுக்குச் சொந்த வாசல் கான் தெரியாமலா போயிருக்கும்? கூட இருந்தே குழி பறித்திருக்கிறான். தினம் தினம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டே தலையில் மிளகாய் அரைத்திருக்கிறான். சளிக்காய்ச்சலில் மூச்சு இழுத்த நேற்றுக்கூட, "ஒனக்கு நான் பாரமாயிட்டேன் தாயி" என்றானே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் சண்டை போட்டிருப்பாள், அழுதிருப்பாள், அப்புறம் மன்னித்தும் இருப்பாள். இப்போது யாரோடு சண்டை போடுவது?

குளிப்பாட்டி, கோடி வேட்டி கட்டி, பெட்டியில் வைத்தார்கள். சித்தப்பா சோலைமலை அந்தத் தடியையும் பக்கத்தில் வைத்தார். பிறகு அவர் வாய்க்கால் ஓரத்திலிருந்து ஒரு வாழைக்கன்றை வெட்டி வந்தார். கல்யாணம் ஆகாமல் செத்த ஆம்பிளையை அப்படியே புதைக்கக்கூடாது. வாழைக்குத் தாலி கட்டி, மாப்பிள்ளையாக்கித்தான் அனுப்ப வேண்டும். சித்தி பேச்சியம்மா கன்றுக்குச் சிவப்புத் துணி சுற்றி, பொட்டு வைத்து, பெட்டியோரம் நிறுத்தினாள். செத்தவன் விரலில் மஞ்சள் கயிற்றைத் தொடவைத்து, அவனுக்குப் பதிலாகச் சித்தப்பா இரண்டு முடிச்சுப் போட்டார். மூன்றாவது முடிச்சு, எல்லாக் கல்யாணத்திலும் போல, மாப்பிள்ளையின் தங்கச்சி போட வேண்டியது.

"வா தாயி, நீதான் நாத்தனாரு" என்றாள் பேச்சியம்மா.

பூரணி வந்து கயிற்றின் இரண்டு நுனியையும் பிடித்தாள். தப்பு அடிப்பவர்கள் கொட்டுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். அவள் சித்தப்பா போட்ட இரண்டு முடிச்சையும் ஒவ்வொன்றாக அவிழ்த்தாள்.

"எனக்கு ஆகாத கல்யாணம் அண்ணனுக்கும் வேணாம் சித்தி."

பேச்சியம்மா பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள். கல்யாணம் கழியாமல் போனவன் ஆவியாக இந்த லயத்தைச் சுற்றி அலைவான், ராவெல்லாம் கதவைத் தட்டுவான் என்று கெஞ்சினாள்.

"அலையட்டும்" என்றாள் பூரணி. "அண்ணனுக்கு நல்லா நடக்கத் தெரியுமாம். தடியும் வந்துருச்சு."

மழை இறங்கிக்கொண்டிருந்தது. சோலைமலை கண் காட்ட, தப்பு மறுபடி முழங்கியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆம்பிளைகள் தேயிலைக்கு நடுவே மேலேறிப் போனார்கள். பக்கீரும் பின்னால் தட்டித் தட்டிப் போனார்.

பொம்பளைகள் ஒவ்வொருவராகக் குளிக்கக் கிளம்பினார்கள். சுவரில் சாத்தியிருந்த வாழைக்கன்று சரிந்து விழுந்தது. பேச்சியம்மாவின் ஆடு வந்து சிவப்புத் துணியை முகர்ந்து பார்த்துவிட்டு, குருத்து இலையைக் கடித்து இழுத்தது. பூரணி அதை விரட்டாமல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தாள்.