அறுக்கப்படாத கூரை

பள்ளிவாசல் உச்சியில் மாட்டும் தகரக் கும்மட்டத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு ஜாவாவிலிருந்து கிளம்பிய வார்த்தோனோ, கடல் தாண்டி, சுமத்ராவின் மலை வளைவுகளில் குலுங்கி, கெரிஞ்சிப் பள்ளத்தாக்கில் வந்து இறங்கினான். பள்ளிவாசல் கமிட்டித் தலைவர் ஜம்ஹூரி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"என்னப்பா ஜாவாக்காரா, வர்ற வழியில கல்யாணம் பண்ணிக் குடும்பம் நடத்திட்டு வர்றியா?"

"உங்க ஊரு ரோட்டக் கேளுங்க பாக். எலும்பெல்லாம் எடம் மாறிப்போச்சு." பெரியவர்களை அங்கே 'பாக்' என்றுதான் அழைப்பார்கள்.

கும்மட்டம் மாட்டுவதுதான் அவன் தொழில். ஆச்சேயில் கறுப்பு, சுலவேசியில் பச்சை, பாப்புவாக் கரையில் பொன்னிறம் என்று எத்தனையோ மாட்டியிருக்கிறான். எந்த ஊர்ப் பள்ளியும் அவனுக்கு அளவெடுக்க வேண்டிய ஒரு கூரை, அவ்வளவுதான். இங்கே மூன்றடுக்கு மரக்கூரையின் உச்சியை அறுத்துவிட்டு இதை உட்கார வைக்க வேண்டும்.

அளவு நாடாவோடு உள்ளே போனான். வெயிலில் நின்ற கண்ணுக்கு முதலில் வெறும் இருட்டு. பிறகு நடுத்தூண் தெரிந்தது. ஒரே மரம், இரண்டு பேர் சேர்ந்து கட்டினாலும் கை எட்டாது. அதைப் பிடித்துக்கொண்டு அவன் பார்வை ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. விட்டத்தின் மேல் விட்டம், எல்லாவற்றிலும் செதுக்கிய கொடியும் பூவும். ஒரு காட்டையே தூக்கி நிறுத்திக் கூரை போட்ட மாதிரி இருந்தது. நாடா கைநழுவி உருண்டோடியது.

"யா அல்லாஹ்!" என்றான்.

"எப்ப அறுக்கப் போற?" வாசலில் நின்று கேட்டார் ஜம்ஹூரி.

"நான் அறுக்க மாட்டேன் பாக்."

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பக்கத்து ஊருல எல்லாம் பளபளன்னு மின்னுது. நாங்க மட்டும் நெல்லுக் குதிருக்குள்ள தொழணுமா?"

"ஒரு தரம் மேல வாங்க. அப்பவும் அறுன்னா, வேற ஆளு பாத்துக்கங்க."

நடுத்தூணை ஒட்டிய படிகள் உயரத்தில் பாங்கு சொல்லும் ஒரு சின்ன மேடைக்குப் போயின. ஒலிபெருக்கி வந்த பிறகு யாரும் அங்கே ஏறுவதில்லை. வார்த்தோனோவின் பின்னால் ஜம்ஹூரி முணுமுணுத்தபடியே ஏறினார். மேலே போனதும் அண்ணாந்து பார்த்தார். கூரை நாலா பக்கமும் தலைக்கு மேல் விரிந்து கிடந்தது.

மாலை அசர் தொழுகை நேரம். யாரும் கேட்காமலே அவர் காதில் கைவைத்துப் பாங்கு சொன்னார். மேடையிலிருந்த சாளரத்தின் வழியே வார்த்தோனோ பார்த்தான்: நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நிமிர்ந்தார்கள். அவன் உள்ளங்கைக்கடியில் தூண் அதிர்ந்துகொண்டிருந்தது.

சொல்லி முடித்தவருக்குக் கண் கலங்கியிருந்தது. "நம்ம பள்ளிக்குள்ள இவ்வளவு இருக்காடா?"

அன்றே கமிட்டி கூடியது. சிலர் கத்தினார்கள், ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியே போனார். கடைசியில் கும்மட்டம் மேட்டிலிருந்த மதரசாக் கட்டடத்துக்கு என்று முடிவாயிற்று. அங்கே அது நன்றாகவே மின்னியது.

வேலை முடிந்த மாலை, வார்த்தோனோ பள்ளிக்குள் மல்லாந்து படுத்திருந்தான்.

"தூங்கறியா?"

"பாத்துக்கிட்டிருக்கேன் பாக்."

தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஜம்ஹூரியும் அவனருகில் மல்லாந்து படுத்தார்.