ரிப்போர்ட்டில் உமர் என்ன எழுதினார்

1
இந்தக் கதை என் குற்ற உணர்விலிருந்து வந்தது. ஆனையூர் டவுன் பஸ் நிறுத்தத்திலேயே நகராமல் நின்றபோது, "என்னய்யா, தூங்குறியா?" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தியவன் நான்தான். கத்திவிட்டு இறங்கிப் போய்விட்டேன். பிறகு நடந்ததை ஒரு வாரம் கழித்து டீக்கடையில் கண்டக்டர் உமர் பாரூக் சொன்னார். அவர் சொல்லாமல் விட்ட இடங்களை நான் நிரப்பியிருக்கிறேன்.

2
'வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மதியம், மனித மனங்களும்...'

வேண்டாம். அன்று மேகமூட்டம்.

டிரைவர் நல்லகாமனும் உமரும் பதினோரு வருடமாகச் சேர்ந்து டூட்டி பார்ப்பவர்கள். உமர் இரட்டை விசில் கொடுத்தார். வண்டி நகரவில்லை. மறுபடி கொடுத்தார். பிறகு முன்னால் போய்ப் பார்த்தார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த நல்லகாமனின் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"என்ன மாப்ள?"

"முடியல. யார் மேலயாச்சும் ஏத்திருவேன்னு பயமா இருக்கு."

உமர் திரும்பி, "வண்டி பிரேக்டவுன். எல்லாரும் எறங்கிக்கங்க, அடுத்த வண்டியில ஏத்தி விடுறேன்" என்றார்.

(இந்த இடத்தில் மன அழுத்தம் பற்றி உமர் ஒரு பத்தி பேசுவதாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவர் அப்படிப் பேசுகிற ஆளில்லை.)

3
காலி பஸ்ஸில் உமர் இன்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"எம்புட்டு நாளா இப்படி?"

"ரெண்டு மாசம். கண்ண மூடுனா யாரோ குறுக்க ஓடியாராப்ல இருக்கு. தூக்கமே இல்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன். வண்டி ஓட்டவே பிடிக்கலன்னேன். நீ சிரிச்ச."

உமருக்கு ஞாபகம் வந்தது. 'யாருக்குத்தான் பிடிக்குது' என்று அன்று சிரித்துவிட்டார். நண்பனின் கைமேல் தன் கையை வைத்தார். நடுக்கம் அடங்க வெகுநேரம் ஆனது.

"நாளைக்கு நீ ஓட்டல. ஆஸ்பத்திரிக்குப் போறோம். நானும் லீவு."

4
ஆனால் வண்டி நின்றது ஏன் என்று அன்று மாலைக்குள் உமர் டிப்போவில் ரிப்போர்ட் கொடுத்தாக வேண்டும். 'இன்ஜின் கோளாறு' என்று எழுதினால் நல்லகாமன் தப்பிப்பார். ஆனால் லீவு முடிந்ததும் அவரை மறுபடி அந்த சீட்டில் உட்காரச் சொல்வார்கள். பின்னால் அறுபது பேர். உண்மையை எழுதினால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். டிப்போ முழுக்க 'லூசு' என்று பேசும். காட்டிக்கொடுத்தவன் நண்பன் என்றாகும்.

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் உமர் நல்லவர், மற்றதில் சரியானவர். இரண்டையும் அடித்துவிட்டேன்.

மறுநாள் இருவரும் மனநல மருத்துவரைப் பார்க்கப் போனது உண்மை. டோக்கனை உமர்தான் கையில் வைத்திருந்தார். நல்லகாமன் இப்போது மாத்திரை சாப்பிடுகிறார், நாலு மணி நேரம் தூங்குகிறார். இது வரைக்கும்தான் எனக்குத் தெரியும்.

"ரிப்போர்ட்ல என்னண்ணே எழுதுனீங்க?" என்று டீக்கடையில் கேட்டேன்.

உமர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"நீங்க தெனமும் எங்க வண்டியில வாரவருதான? என்ன எழுதியிருந்தா, அவன் ஓட்டுற வண்டியில திரும்ப ஏறுவீங்க?"

அதையே உங்களிடம் கேட்கிறேன். நீங்கள் சொல்லுங்கள்.