பின்னங்கால் இரண்டு

மூன்றாம் வகுப்பு அறிவியல் புத்தகம் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்த வாரமே, ஊரிலிருந்த சிலந்திகளுக்கெல்லாம் ஆறு கால்கள் ஆகிவிட்டன. பிள்ளைகள் ஒரே குரலில் "சிலந்திக்கு ஆறு கால்" என்று வாசித்தார்கள். வகுப்பறைக் கூரையில் இருந்த சிலந்திகள் அதைக் கேட்டுவிட்டுப் பின்னங்கால் இரண்டையும் உதிர்த்தன. பெருக்க வந்தவர்கள் நூல் துண்டுகள் என்று நினைத்துக் கூட்டி அள்ளினார்கள். தேளுக்கும் உண்ணிக்கும் அதே கதிதான். அவையும் சிலந்திக்குச் சொந்தம், அதே கால் கணக்கு என்று பாடத்தில் போட்டிருந்தது. ஊர் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. புத்தகத்தில் போட்டுவிட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற ஊர் அது.

புத்தகத்தைப் பிழைதிருத்தியவருக்கு அச்சகத்தில் முற்றுப்புள்ளி என்று பெயர். ஒரே ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போனதற்காக ஓடுகிற இயந்திரத்தையே நிறுத்திய மனிதர். அதைக் கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களையும் பிடித்து நிறுத்திச் சொல்வார். பாடத்தை எழுதியவர் ஒழுங்காக எட்டு என்றுதான் எழுதியிருந்தார். பக்கம் கட்டுகிறவர்தான் படத்துக்கு அடியில் ஒரு வரி வைக்க இடம் போதாமல் சிலந்தியின் பின்னங்கால் இரண்டையும் வெட்டிவிட்டார். ப்ரூஃப் முற்றுப்புள்ளியின் மேஜைக்கு வந்தது. படத்தில் ஆறு, பாடத்தில் எட்டு. ஆகா, முரண்பாடு! அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சிவப்புப் பேனாவால் எட்டை அடித்து ஆறாக்கினார். அன்று முழுக்க எதிர்ப்பட்டவரிடமெல்லாம், "நல்லவேளை, நான் பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

முதலில் ஒட்டடை அடிக்கும் வேலை மிச்சம் என்று வீடுகளில் சந்தோஷப்பட்டார்கள். போகப்போகத்தான் விஷயம் பிடிபட்டது. வயிற்றின் நுனியில் ஊறும் நூலை இழுத்துக் கொடுப்பது அந்தப் பின்னங்கால்கள்தான். அவை இல்லாமல் சிலந்திகள் பின்னிய வலைகள் ஒரு பக்கம் தொங்கி அறுந்தன. குஞ்சுகளை முதுகில் ஏற்றிச் செல்லும் தாய்த்தேள்கள் சுவர் மூலையில் திரும்பும்போது சரிந்து, குஞ்சுகளைச் சிந்திவிட்டுத் திகைத்து நின்றன. உண்ணிகள் பிடிமானம் இல்லாமல் விழுந்ததில் நாய்களுக்கு மட்டும் கொண்டாட்டம். கேட்பாரற்ற கொசுக்கள் பெருகி, பஸ்ஸுக்குள் ஏறி ஜன்னல் சீட்டுகளைப் பிடித்துக்கொண்டன. ஜனங்கள் நின்றுகொண்டே பயணம் செய்தார்கள்.

முற்றுப்புள்ளி வீட்டுக் குளியலறை ஜன்னலிலும் ஒரு சிலந்தி இருந்தது. அது விழுவதும் ஏறுவதுமாக இருந்ததைப் பல் தேய்த்துக்கொண்டே பார்த்தவர் பாதியில் பிரஷ்ஷை வைத்துவிட்டு அச்சகத்துக்கு ஓடினார். மூலப்பிரதியைத் தேடி எடுத்துப் படித்தார். சிலந்தி பூச்சியே இல்லை. உடல் இரண்டு பாகம். உணர்கொம்பு கிடையாது, இறக்கை கிடையாது. இரையின்மேல் சாற்றைக் கக்கி, அது கரைந்ததும் உறிஞ்சிக் குடிக்கும். கால்கள் எட்டு. இத்தனையையும் அவர் முன்பே படித்திருக்கிறார். காற்புள்ளிகளை மட்டும் படித்திருக்கிறார்.

ஒரு பிழைதிருத்தச் சீட்டு அடித்து ஒட்டினால் தீர்ந்துபோகும். ஆனால் சீட்டின் அடியில் பிழைதிருத்தியவர் பெயரையும் அச்சிட வேண்டும் என்பது அந்த அச்சகத்தின் வழக்கம். அவர் பெயரில் இதுவரை ஒரு சீட்டும் வந்ததில்லை. ஓய்வுபெறும் நாளுக்காக 'பிழையே விடாதவர்' என்று பொறித்த கேடயம் வேறு மேலாளர் அறையில் தயாராக இருந்தது. அதில் தூசி படிந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிற சாக்கில் தினமும் அங்கே போய்வருவார்.

"ஒரு சீட்டு போட்டா என்ன குறைஞ்சிடும்?" என்றாள் மனைவி.

"எம்பேரு கெட்டுப்போகும்."

"எந்தப் பேரு? ஆபீஸ்ல உங்க நிஜப் பேரு யாருக்காவது தெரியுமா?"

 அவர் பதில் யோசித்து முடிப்பதற்குள் அவளுக்குக் கொசுக் காய்ச்சல் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் போட்டுப் படுத்திருந்தாள். அவரைப் பார்த்ததும் கேலியாக ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.  இவள் போய்விட்டால் கேடயத்தை எந்தச் சுவரில் மாட்டி யாரிடம் காட்டுவது என்று நினைத்தார். அந்த நேரத்திலும் கேடயமா என்று தன்னையே காறித் துப்பிக்கொண்டு எழுந்து நேராக மேலாளர் அறைக்குப் போனார்.

"யோசிச்சுப் பாருங்க சார், பேரு வந்துடும்" என்றார் மேலாளர்.

"வரட்டும் சார். பெரிய எழுத்துலயே போடுங்க."

சீட்டு பள்ளிகளுக்குப் போனது. 'ஆறு என்பதை எட்டு எனத் திருத்தி வாசிக்கவும்.' பிள்ளைகள் திருத்தி வாசித்தார்கள், அவர் பெயரையும் சேர்த்தே ராகம் போட்டு வாசித்தார்கள். சிலந்திகளும் தேள்களும் அடுத்தடுத்துச் சட்டை உரித்து எட்டுக் காலோடு வெளியே வந்தன. வலைகள் நிமிர்ந்தன, கொசு குறைந்தது, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. காய்ச்சல் விட்டு வீடு திரும்பியிருந்த மனைவி, வேலை முடிந்து வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, "வாங்க, ஆறுகால்" என்றாள். அதற்குள் அதுவே அவர் பெயராகியிருந்தது. அவர் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேடயத்தின் பின்பக்கத்தில் வேறு யாருக்கோ பொறித்துக் கொடுத்துவிட்டார்கள்.

குளியலறைச் சிலந்திக்கு மட்டும் கால் முளைக்கவில்லை. அது சட்டை உரிக்கும் வயதைத் தாண்டிவிட்டது. இனி எந்தப் புத்தகம் எதைச் சொன்னாலும் அதற்கு ஆறுதான். ஆறுகால் அதற்குப் பிறகு சாயங்காலம் தோறும் முக்காலியில் ஏறி நின்று, அதன் வயிற்று நுனியில் ஊறும் நூலை இரண்டு விரல்களால் பதமாக இழுத்துக் கொடுத்தார். ஆரம்பத்தில் அறுத்துத் தொலைத்தார். சிலந்தி பொறுமையாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. அவர் இழுக்கிற வேகம் பிடிக்காவிட்டால் முன்னங்காலால் அவர் நகத்தைத் தட்டும்.

அந்த நேரத்தில் யாராவது அவரைத் தேடி வந்தால் மனைவி விசிறியைப் போட்டுவிட்டு, "உக்காருங்க, வலை கட்டிட்டிருக்காரு, முடிச்சிட்டு வந்துடுவாரு" என்பாள். வந்தவர்களும் சரி என்று உட்கார்ந்திருப்பார்கள்.